நாற்பத்தெட்டுப் பக்க நகரம்

என் மகளை ஜப்பானில் ஒரு பள்ளிக்கூடத்து அகதி முகாமில் பதிந்துவிட்டார்கள் என்று நான் மூன்று வாரம் நம்பினேன். எனக்கு ஐம்பத்துமூன்று வயது. கனடாவுக்கு வந்து முப்பது வருடம். பிறந்தநாள் விழாக்களில் மைக் பிடித்து சனங்களைச் சிரிக்க வைக்கிறவன் என்று ஸ்காபரோவில் ஓரளவு பெயரும் உண்டு. அப்படிப்பட்டவன்தான் நம்பினேன். யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் அந்த மூன்று வாரத்தில் நான் செய்த ஒரே புத்தியான காரியம்.

மகள் அந்தச் சித்திரை மாதம் ஜப்பானுக்குப் போனாள். கடலோரத்தில் ஒரு சின்ன நகரம். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிற வேலை. ஒப்பந்தம் ஒரு வருடம். பிடித்தால் இன்னொரு வருடம் நீட்டலாம், அதை இலையுதிர் காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும். பிடிக்கக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். நேர்த்திக்கடன் வைக்கவில்லை. வைத்திருந்தால் கோயில் ஐயருக்குக் காரணம் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

போன இரண்டாம் நாளே நகரசபையில் விலாசம் பதிந்திருக்கிறாள். புதிதாக வரும் வெளிநாட்டவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கையேடு கொடுத்தார்களாம்: நகரத்தின் அறிமுகம், பொது வசதிகள், எல்லாமாக நாற்பத்தெட்டுப் பக்கம். அதை எனக்கு அனுப்பி, “அப்பா, இதை வாசியுங்கோ, நான் எங்க இருக்கிறன் எண்டு விளங்கும்” என்றாள். கேள்வி கேட்பதைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ என்பதை அவள் மரியாதையாகச் சொல்லும் விதம் அது. கூடவே கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அதில் அலுவலர் ஒருவர் நீல மையால், அழகான எழுத்தில், அவளுடைய பெயரை எழுதி, விலாசத்தை எழுதி, அதற்குக் கீழே ‘உங்கள் புகலிடம்’ என்ற வரியில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதியிருந்தார்.

படத்தைப் பெரிதாக்கி அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தேன்.

நான் பதினாறு வயதில் ஏழு மாதம் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் இருந்தவன். படிப்பதற்காக அல்ல. யுத்த காலம். ஊரை விட்டு வெளியேறச் சொல்லி ஒரு நாள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு நடந்தோம். மூன்றாம் வகுப்பு அறையில் கரும்பலகைக்குக் கீழே எங்கள் குடும்பம். நடுவில் ஒரு சேலையைக் கட்டி, அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். ஆகவே ஒருவருடைய பெயரை எழுதி அதற்கு நேரே ஒரு பள்ளிக்கூடத்தை எழுதினால் என்ன கருத்து என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வந்து இரண்டாம் நாளே ஒதுக்கிவிட்டார்களே என்பதுதான் ஆச்சரியம். எங்களுக்கு நடந்தபோது இவ்வளவு ஒழுங்கு இருக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, போனில் நைசாகக் கேட்டேன். “பிள்ளை, உன்னை எப்ப அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாத்தீனம்?”

“எந்தப் பள்ளிக்கூடம்?”

“கடைசிப் பக்கத்தில எழுதியிருக்கே, அது.”

அவள் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்துவிட்டது. பிறகு எடுத்து, பூமி அதிர்ந்தால், கடல் வந்தால் ஓடிப்போய் நிற்பதற்கு அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இடம் முதலே குறித்து வைப்பார்கள் என்று விளக்கினாள். “இட்ஸ் நோர்மல், அப்பா. ஒண்டும் நடக்காது. சும்மா ரெடியா இருக்கிறது.”

சும்மா ரெடியாக இருப்பவர்களை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. ஆனாலும், “ஓம் ஓம், எனக்கு அது தெரியும். உன்னைச் சோதிச்சுப் பாத்தனான்” என்றேன்.

அதற்குப் பிறகு கையேட்டை ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினேன். வேலை செய்யும் கிடங்கின் அலுவலகத்தில், மனேஜர் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து, நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் கலரில் அச்சடித்துக்கொண்டேன். என்னோடு லொறிக்குப் பெட்டி ஏற்றும் மட்டக்களப்பு அண்ணை அதைப் புரட்டிப் பார்த்து, பொதுக் குளியல் வீட்டைப் பற்றிய பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன மனே இது? எல்லாரும் ஒண்டா, உடுப்பில்லாமக் குளிக்கிறதாம். படம் வேற கீறி வெச்சிருக்கானுகள்.”

“ஆம்பிளையளுக்கு வேற, பொம்பிளையளுக்கு வேற, அண்ணை. வடிவா வாசியுங்கோ.”

“நீ ஏன் இதப் பாடமாக்கிற? ஜப்பானுக்குக் குடிபோகப் போறியா?”

“போய் வரத்தான் வழி பாக்கிறன்.”

“வழிதான் உனக்குத் தெரியுமே. ரிக்கட்தானே இல்ல” என்று சொல்லிவிட்டுக் குளியல் வீட்டுப் பக்கத்தை மட்டும் இன்னொரு தரம் பார்த்தார்.

அவர் சொன்னது உண்மை. வைகாசி முடிவதற்குள் அந்த நகரம் எனக்குப் பாடம். ரயில் நிலையத்திலிருந்து நகரசபைக்கு எட்டு நிமிட நடை. நகரசபையில் ஏழாம் இலக்கக் கவுன்டர் வெளிநாட்டவருக்கு. நூலகம் திங்கட்கிழமை பூட்டு. ஒருவர் பத்துப் புத்தகம் எடுக்கலாம். சுகாதார நிலையத்துக்குப் பக்கத்தில் விளையாட்டு மண்டபம். உள்ளே போக வேறு சப்பாத்து வேண்டும். குளியல் வீட்டில் தொட்டிக்குள் இறங்குவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். இருபத்தாறாம் பக்கத்தில் நகரசபையின் சுடலை, அதற்கும் முன்பதிவு. பிறப்பிலிருந்து இறப்பு வரை எல்லாவற்றுக்கும் கவுன்டர் இருந்தது. தகப்பன்மாருக்கு மட்டும் கவுன்டர் இல்லை.

நடுப்பக்கத்து வரைபடத்தைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பின்னேரம் ஐந்தரைக்கு வேலையால் வந்து, சோற்றைச் சூடாக்கி, ஆறு மணிக்குப் போனைச் சீனி போட்டு வைக்கும் தகரப் பேணியில் சாய்த்து வைத்துவிட்டு இருப்பேன். எங்களுக்குப் பின்னேரம் ஆறு, அவளுக்கு அடுத்த நாள் காலை ஏழு. அவள் தலை இழுத்துச் சீவிக்கொண்டே பேசுவாள். பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக மீதி இருபத்துமூன்றே முக்கால் மணித்தியாலத்தையும் நான் ஒரு மாதிரி நல்லபடியாகத்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு பதினோராம் மாடியில் இரண்டு அறை. அவளுடைய அம்மாவும் நானும் பிரிந்து ஏழு வருடம். அவ கிழக்கே அடுத்த ஊரான அஜக்ஸில் இருக்கிறா. மகள் இங்கே படித்ததால் என்னோடு இருந்தாள். இப்போது இரண்டு அறைக்கும் நான்தான் ஆள். சில நாள் மாற்றத்துக்காக அவளுடைய அறையில் போய் இருந்து பேப்பர் வாசிப்பேன். விருந்தாளி மாதிரி, கட்டிலின் ஓரத்தில்.

கையேட்டின் குப்பை நாட்காட்டிதான் என்னைப் பிடித்த பெரிய வியாதி. செவ்வாயும் வெள்ளியும் எரியும் குப்பை. புதன் பிளாஸ்ரிக். போத்தலென்றால் மூடியைக் கழற்றி, லேபலை உரித்து, கழுவிக் காய வைக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் நடைபாதையின் முடிவில் ஒரு குப்பைக் குழாய் இருக்கிறது. கதவைத் திறந்து எதைப் போட்டாலும் கீழே போய் விழும். நான் மூடியைக் கழற்றினேன். லேபலை உரித்தேன். கழுவிக் காய வைத்து, புதன்கிழமை வரும்வரை காத்திருந்து, மூன்று பைகளாகப் பிரித்துக் கட்டி, அதே குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். மகளிடம் சொன்னபோது சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்பா, பக்கத்து வீட்டில இப்ப ஆர் இருக்கினம்?” என்று கேட்டாள்.

கையேட்டில் அது வரும். பதினெட்டாம் பக்கம்: அக்கம்பக்கத்தவரின் முகத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதை அவளுக்கு வாசித்துக் காட்டி, தெரிந்து வைத்திருக்கிறாயா என்று முந்தின வாரம்தான் அதட்டியிருந்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டு முதியவர் முள்ளங்கி கொண்டுவந்து கதவில் கொழுவிவிட்டுப் போகிறாராம்.

“நல்ல ஆக்கள்” என்றேன்.

என் பக்கத்து வீட்டாரில் எனக்குத் தெரிந்தது அவர்களுடைய சப்பாத்து மட்டும். கதவுக்கு வெளியே இரண்டு சோடி இருக்கும். ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

இன்னொரு சங்கதி சொல்ல வேண்டும். அந்த நகரத்தில் கம்பங்களில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். காலை ஏழுக்கும் பின்னேரம் ஐந்துக்கும் அதில் ஒரு சின்ன இசை வரும். முதல் தரம் போனுக்குள்ளால் அது கேட்டபோது மகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு கரகரப்பு, பிறகு ஒரு கணம் வெறுமை, பிறகு சத்தம். இசைக்கு முன் வந்த அந்தக் கரகரப்புக்கே நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன். ஐம்பத்துமூன்று வயதில் அவ்வளவு வேகமாகக் குனிய முடியும் என்று எனக்கே தெரியாது.

“அப்பா? எங்க போனீங்க? ஸ்கிரீன்ல சீலிங் மட்டும்தான் தெரியுது.”

“கரண்டி விழுந்திட்டுது.”

அவசர நேரத்தில் ஒலிபெருக்கி வேலை செய்யுமா என்று நாள்தோறும் இசை போட்டுப் பார்க்கிறார்களாம். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு அந்தக் கரகரப்புக்காகக் காத்திருந்து, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். விழுவதற்கு வீட்டில் அவ்வளவு கரண்டியும் இல்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. அங்கே ஞாயிறு காலை. ஆறு மணிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. குளிக்கிறாளாக்கும் என்று சோற்றில் கை வைத்தேன். ஆறு பத்து. ஆறு இருபது. குளிப்பதற்கும் ஒரு அளவு உண்டு. ஆறரைக்குள் பத்தொன்பது தரம் அடித்துவிட்டேன். பிறகு பிரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றேன். கடலிலிருந்து அவளுடைய வீட்டுக்கு வரைபடத்தில் என் சின்ன விரல் நீளம்தான். முந்தியும் தெரியும். அன்றைக்குத்தான் விரலை வைத்து அளந்தேன்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் நகரசபையின் தொலைபேசி எண் இருந்தது. எடுத்தேன். ஞாயிறு காலை ஏழரைக்கு அங்கே ஆள் இருந்ததே எனக்கு நல்ல குறியாகப் படவில்லை. ஒரு பெண், வயதானவர் போலக் குரல், மிகவும் ஆறுதலான ஆங்கிலம். மகளின் பெயரைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன், ஏழாம் இலக்கக் கவுன்டர் என்றும் சொன்னேன். பழக்கப்பட்டவன் மாதிரி இருக்கட்டும் என்று.

அவர் சொன்னார்: “இன்று காலை அந்தத் தெரு முழுவதும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. உங்கள் மகளும் போயிருப்பார். மிகவும் நல்லது.”

மேலே ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டேன். தெரு முழுவதும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது என்பதற்கு மேல் ஒருவருக்கு என்ன சொல்ல இருக்கிறது?

அடுத்த பத்து நிமிடத்தில் நான் செய்தவற்றை ஒழுங்காகச் சொல்ல முடியாது, ஒழுங்காகச் செய்யவில்லை. முப்பத்தொன்றாம் பக்கத்தில் அவசரப் பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று பட்டியல் இருந்தது. தண்ணீர், டோர்ச், டின் சாப்பாடு, சாக்ஸ், விசில், பாஸ்போர்ட். எல்லாவற்றையும் வைத்தேன். விசில், ஒரு பிறந்தநாள் விழாவில் பிள்ளைகளை அடக்க நான் வாங்கியது. ஜப்பானில் நடக்கும் காரியத்துக்கு ஸ்காபரோவில் ஏன் பை கட்டினாய் என்று கேட்காதீர்கள். கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

பிறகு தாய்க்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் கெட்ட செய்தியைப் போனில் சொல்வதில்லை. நேரே போய், கதிரையில் இருக்கச் சொல்லி, ஒரு தண்ணி குடிக்க வைத்துத்தான் சொல்வோம். அந்த ஒழுங்கை மட்டும் நான் மறக்கவில்லை. நானூற்றொன்று நெடுஞ்சாலையில் அஜக்ஸுக்கு அரை மணித்தியாலம். வழியெல்லாம் வெயில், எல்லாரும் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அது எனக்குப் பெரிய குற்றமாகப் பட்டது.

ஏழு வருடத்தில் அந்த வீட்டு வாசலுக்கு நான் நாலு தரம் போயிருப்பேன். அவ கதவைத் திறந்து, முதலில் பையைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

“என்ன, பயணமோ?”

“நீர் முதல்ல இரும்.”

“நான் ஏன் இருக்க? என்ர வீடு. நீங்கள் உள்ள வந்து இருங்கோ, விழப்போறவர் மாதிரி நிக்கிறீங்கள்.”

“தண்ணி குடியும்.”

“எனக்கு விடாய்க்கேல்லை. என்ன நடந்தது?”

“பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிட்டாங்கள்” என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. மைக் பிடிக்கிற குரல்.

அவ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தா. “ஓம். இண்டைக்கெல்லோ அவையளுக்குப் பயிற்சி? வருசா வருசம் முழு ஊரும் போய் நிண்டு பழகிறதாம். பிள்ளை போன கிழமையே சொன்னவள், கதிரை அடுக்க விடிய வெள்ளணப் போகோணும் எண்டு.” பிறகு என் பக்கம் திரும்பி, “உங்களுக்குச் சொல்லேல்லையோ?” என்றா.

நான் பையை நிலத்தில் வைத்தேன்.

“மறந்திருப்பாள்” என்றா. அவவுக்குப் பொய் சொல்ல வராது. நாங்கள் பிரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தா. “டின் மீன் எதுக்கு?”

“முப்பத்தொண்டாம் பக்கத்தில இருக்கு.”

“விசில்?”

“அதுவும் இருக்கு. உள்ள அம்பிட்டா ஊத.”

“ஆருக்குக் கேக்க?” என்றா. பகிடியாகத்தான் கேட்டா. என் தொழில் பகிடி. பதில் பகிடி என்னிடம் எப்போதும் இருக்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அவவும் அதைக் கவனித்துவிட்டு, எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்கு வைத்தா.

அப்போது அவவுடைய போன் அடித்தது. மகள்.

“அம்மா! அப்பா போன் எடுக்கிறார் இல்ல! பத்தொன்பது மிஸ்ட் கோல், இப்ப நான் பதினொரு தரம் அடிச்சிட்டன், ஆன்சரே இல்ல! அவருக்கு ஏதோ நடந்திட்டுது. நீங்க போய்ப் பாருங்கோ, ப்ளீஸ்! அங்க பாக்க வேற ஒருத்தரும் இல்ல!”

சட்டைப்பையைத் தடவினேன். என் போன் பதினோராம் மாடியில் சீனிப் பேணியில் சாய்ந்துகொண்டிருந்தது.

“இஞ்சதான் நிக்கிறார்” என்றா தாய். “மூட்டை முடிச்சோட” என்று போனை என் பக்கம் திருப்பினா.

மகள் மஞ்சள் மேலங்கி போட்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. “அப்பா? நீங்க ஏன் அங்க? ஆர் யூ ஓகே?”

“எனக்கென்ன. உனக்கு?”

“நான் கறி சாப்பிடுறன், அப்பா. சுடுதண்ணி ஊத்தின சோறும் பைக்கற் கறியும்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனைச் சுழற்றிக் காட்டினாள். பெரிய மண்டபம். நிலத்தில் நீல விரிப்பு. சனங்கள் சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கும் மற்றக் குடும்பத்துக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு மட்டைத் தடுப்பு. சேலை இல்லை. முள்ளங்கி முதியவர் என்று ஒருவரைக் காட்டினாள்; அவர் எழும்பிக் குனிந்து வணக்கம் சொன்னார். நானும் அஜக்ஸில் எழும்பிக் குனிந்தேன்.

“ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா நீங்க பயப்படுவீங்க.”

“இப்ப மட்டும்?”

“சொல்லாட்டிலும் பயப்படுறீங்க.” கறியைக் கீழே வைத்தாள். “அம்மா, மற்றதையும் சொல்லிட்டீங்களா?”

தாய் கேத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றா.

“மற்றது எது?” என்று கேட்டேன். கேட்டேனே தவிர, இரண்டு பேருடைய முகத்திலும் அது எழுதியிருந்தது. மகள் சொன்னாள், மெதுவாக, ஆங்கிலம் கலக்காமல். ஆங்கிலம் கலக்காமல் அவள் பேசினால் அது பெரிய விஷயம்.

“நல்லது” என்றேன். “நூலகம் திங்கட்கிழமை பூட்டு. மறந்திடாத.”

“தெரியும், அப்பா.”

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெளிக்கிட்டேன். அவ பையை வாசல்வரை கொண்டுவந்து தந்தா. டின் மீனை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டா. “உங்களிட்டக் கிடந்தா திகதி முடிஞ்சுதான் திறப்பீங்கள்.” வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு சோடி சப்பாத்தும் இருந்தன. உள்ளே ரீவிச் சத்தம். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு எங்கள் கதவைத் திறந்தேன். மேசையில் சோறு ஆறிக் கிடந்தது. போனில் மகளின் பதினொரு அழைப்பு.

அன்றைக்கு அந்த நகரத்தில் நடந்தது இவ்வளவுதான். நிலம் அசையவில்லை, கடல் கடலில்தான் இருந்தது. என் மகள் காலை ஆறரைக்குப் பக்கத்து வீட்டு முதியவரோடு பத்து நிமிடம் நடந்து பள்ளிக்கூடத்துக்குப் போனாள், கதிரை அடுக்கினாள், வரிசையில் நின்று பெயர் சொன்னாள், ஒரு பொட்டலம் சோறு சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு நடந்து திரும்பிப் போனாள். அந்த வீட்டில் இன்னும் ஒரு வருடம் இருப்பதற்கு அவள் அதற்கு முந்தின வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டிருந்தாள்.